கண்ணுள் புகும் சீழ்நோய்

(அங்கத்தினர் படிப்பு வட்டத்துக்குரிய பாடம்)

பாவில் ஓர் இழை அறுந்தால் அதைக் கண்டு முடிபவர் நெசவாளர். இலையில் ஒரு புள்ளி தோன்றினால் அதைக் கண்டு நோயறிபவர் உழவர். இருவருக்கும் கண்ணே முதல். சங்கத்தில் போட்ட பங்குப் பணம் ஓர் ஆண்டு நஷ்டமுற்றால் மறு ஆண்டு ஈட்டிக் கொள்ளலாம். கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரை அழிந்துபோனால் அதை மீண்டும் ஈட்ட இன்றுவரை வழி காணப்படவில்லை. ஆகவே, அம்முதலை ஓரிரு நாளில் கரைத்துவிடக்கூடிய ஒரு நோயைப் பற்றி இப்பாடத்தில் ஆராய்வோம். அது கிருமிகளால் கண்ணின் உட்புறத்தில் உண்டாகும் சீழ்நோய். டாக்டர்கள் அதனை எண்டாப்தல்மைடிஸ் என்பர். உட்கண் சீழ்நோய் என்று நாம் அழைக்கலாம்.

பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் தறியும் தோட்டமும் இரும்புப் பட்டறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவர் தறியிலும், ஒருவர் தோட்டத்திலும், ஒருவர் வார்ப்படச் சாலையிலும் வேலை செய்வது நாம் அன்றாடம் காண்பதே. சோளத் தோகையின் விளிம்பு, தென்னை மட்டையின் நுனி, விசைத்தறியிலிருந்து தெறித்து வரும் நாடாவின் முனை, கல்லில் பட்ட மண்வெட்டியிலிருந்து பறக்கும் இரும்புத் துணுக்கு, கடைசல் எந்திரத்தின் சுருள் ஆகிய இவை ஒவ்வொன்றும் கண்ணுக்குப் பகை. எனவே இப்பாடம் நம்மில் எவருக்கும் புறம்பானதன்று.

1. கண்ணின் அமைப்பு

கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல் முன்புறத்தில் மூடியிருக்கும் ஒளிபுகும் சவ்வுக்குக் கார்னியா என்று பெயர். நடுவில் அதன் பருமன் சுமார் அரை மில்லிமீட்டரே. அதன் பின்னே தெளிந்த நீர் நிறைந்த முன்னறை, அடுத்து, கண்மணித் துளையை உடைய கறுத்த படலம், அதற்கடுத்து லென்ஸ். லென்ஸுக்குப் பின்னுள்ள பெரிய அறையில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது. அதன் அளவு சுமார் 4 மில்லிலிட்டர். விட்ரியஸ் எனப்படும் இக்கூழின் பின்சுவரில் ஒட்டியிருப்பதே விழித்திரை. ஒளியைப் பார்வையாக மாற்றுவது இத்திரைதான்.

ஒளி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக இயற்கை கார்னியாவிலும் லென்ஸிலும் விட்ரியஸிலும் இரத்தக் குழாய்களை வைக்கவில்லை. அதனால் கண்ணுக்குத் தெளிவு கிடைக்கிறது. ஆனால் அதனாலேயே ஒரு பலவீனமும் உண்டாகிறது. காலில் முள் தைத்தால், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் உடனே ஓடிவந்து கிருமிகளோடு போரிடுகின்றன. கண்ணின் உள்ளறைக்கு அவை விரைவில் வந்து சேர இயலாது. மேலும், இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையே ஒரு நுண்ணிய தடுப்பு உண்டு. வாய் வழியே உண்ணும் மருந்திலும், நரம்பில் ஏற்றும் மருந்திலும் சிறு பகுதியே அத்தடுப்பைக் கடந்து உள்ளே செல்லும். வெதுவெதுப்பும் ஈரமும் உணவும் நிறைந்து, காவலாள் மட்டும் இல்லாத ஒரு பண்டகசாலை போன்றது கண்ணின் உள்ளறை. கிருமி அங்கே புகுந்தால் என்ன நேரும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

2. கிருமி உள்ளே புகும் வழிகள்

கிருமி புகும் வழிகள் மூன்று. முதலாவது, துளைத்துச் செல்லும் காயம். முள், கம்பி, இரும்புத் துணுக்கு ஆகியவை மண்ணோடு சேர்ந்து கண்ணைத் துளைக்கும்போது மண்ணிலுள்ள கிருமிகளும் உடன் செல்கின்றன. அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கண் துளைபட்டவர்களுள் நாட்டுப்புறத்தாரில் நூற்றுக்கு 30 பேருக்கு இந்நோய் கண்டது. மற்றையோரில் நூற்றுக்கு 11 பேருக்கே கண்டது. உழவுத் தொழிலில் மண்ணின் தொடர்பு மிகுதி என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது, கண்ணில் செய்யும் அறுவை. கண்புரை அறுவையின்போது இமையிலும் தோலிலும் இயல்பாக வாழும் கிருமிகள் மிக அரிதாக உள்ளே சென்றுவிடக்கூடும்.

மூன்றாவது, இரத்த வழி. ஈரலில் சீழ்க்கட்டி, சிறுநீர்ப் பாதையில் கடும் தொற்று முதலியவற்றால் வருந்துவோருக்கு, சிறப்பாக நீரிழிவு உள்ளோருக்கு, கிருமிகள் இரத்தத்தோடு சென்று கண்ணில் தங்குவதுண்டு. காய்ச்சலோடு பார்வை மங்கினால் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

இம்மூன்றும் அல்லாமல், கார்னியாவின் மேல் உண்டான புண் முற்றித் துளையாகி, அதன் வழியே கிருமி உள்ளே இறங்குவதும் உண்டு. நம் தொழிலாளரிடையே இது பெரிதும் காணப்படுவதால் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

3. கீறல் புண்ணாகும் விதம்

கார்னியாவின் மேல் தோல் முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் அதனைக் கடக்கமாட்டா. தோகை உரசி ஒரு கீறல் விழுந்தவுடன் கதவு திறந்துவிடுகிறது. ஓரிரு நாளில் அவ்விடத்தில் வெண்மையான புள்ளி தோன்றும். கண் சிவக்கும், நீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். கவனியாவிடில் புள்ளி அகன்று குழிவிழுந்த புண்ணாகும். பின்னர் முன்னறையின் அடிப்பாகத்தில் வெள்ளைக் கோடு போலச் சீழ் படியும். புண் ஆழ்ந்து கார்னியா துளைபட்டால், உட்கண் சீழ்நோய்க்கு வழி திறந்ததாகும்.

மதுரையில் 1994-ம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் முடிய மூன்றே மாதங்களில் இத்தகைய புண்ணோடு வந்த 434 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 65 பேர் முன்னதாகக் கண்ணில் காயம் பட்டவர்கள். கிருமி வளர்த்துப் பார்த்ததில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாக்டீரியாவும், பாதிப் பேருக்குப் பூஞ்சக்காளானும் காரணம் என்று தெரிந்தது. பாக்டீரியாக்களுள் முதலிடம் பெற்றது நிமோகாக்கஸ், அடுத்தது சூடோமோனாஸ். மதுரை மாவட்டத்தில் ஓர் ஆண்டில் இலட்சம் பேருக்கு 113 பேர் வீதம் இப்புண் காண்பதாக மற்றோர் ஆய்வு கணித்தது. அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கைப்போல இது பத்து மடங்கு.

பாக்டீரியாப் புண்ணையும் காளான் புண்ணையும் வெறும் பார்வையால் நாம் பிரித்தறிய இயலாது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து காளான் புண்ணை வளர்த்துவிடும். பாக்டீரியாப் புண்ணிலாவது அது உதவுமா என்று 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகளிடம் ஒரு பெரும் சோதனை நடந்தது. நம் கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனையும் அதில் பங்கு கொண்டது. முதல் இரண்டு நாள் கிருமிகொல்லி மருந்து கொடுத்து, அதன் பின்னரே டாக்டர்களின் கண்காணிப்பில் ஸ்டீராய்டு சேர்த்தும், மொத்தத்தில் பார்வை அதிகம் தேறவில்லை என்பதே 2012-ல் வெளியான முடிவு. தேர்ந்த டாக்டர்கள் கையிலேயே இப்படியென்றால், கடையில் கேட்டு வாங்கி நாமே விட்டுக்கொள்வது எத்துணை ஆபத்து!

4. உள்ளே சென்றபின் நடப்பது

இனி, கிருமி விட்ரியஸுக்குள் சென்றபின் நோய் எவ்வாறு படிப்படியாக முற்றுகிறது என்று காண்போம்.

முதற்படி ஓசையற்றது. வட்டிக்கு வட்டி ஏறுவதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். அரை மணிக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும் கிருமி ஒன்று உள்ளே புகுந்தது என்று கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் அது 1,024 ஆகும். பத்து மணி நேரத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டும். இது ஏட்டுக் கணக்கே ஆயினும், தடுப்பாரற்ற உள்ளறையில் நடப்பதன் போக்கை இது நன்கு காட்டும். முதல் ஐந்து மணி நேரத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த ஐந்து மணி நேரத்தில்தான் பெருக்கத்தின் பெரும்பகுதி நிகழ்கிறது.

இரண்டாம் படியில் கிருமிகள் நஞ்சைக் கக்குகின்றன. இரத்தக் குழாய்களின் தடுப்புச் சுவர் பழுதுற்றுக் கசிகிறது. அப்பொழுதுதான் வெள்ளணுக்கள் திரளாக உள்ளே வருகின்றன. தெளிந்திருந்த கூழ் கலங்குகிறது. காடாத் துணியின் ஊடே பார்ப்பது போலப் பார்வை மங்குகிறது. கண் சிவந்து, இமை வீங்கி, ஆழ்ந்த வலி எடுக்கிறது. முன்னறையின் அடியில் சீழ் தங்கும்.

மூன்றாம் படி விழித்திரையின் அழிவு. இதில் கிருமியின் நஞ்சுக்கு மட்டுமே பங்கு என்று எண்ணலாகாது. கிருமியைக் கொல்ல வந்த வெள்ளணுக்கள் வெளியிடும் பொருள்களும் விழித்திரையை அரிக்கின்றன. கள்வனைத் துரத்த வந்தோர் மிதித்துப் பயிர் அழிவது போன்றது இது. கிருமிகள் மடிந்த பின்னும் அவற்றின் உடற்கூறுகள் அழற்சியை நீடிக்கச் செய்கின்றன. மருந்து கிருமியைக் கொன்றாலும், அதற்குள் அழிந்துவிட்ட விழித்திரை மீள்வதில்லை.

இறுதிப் படியில் சீழ் கண்ணின் சுவர்களையும் கடந்து சுற்றுப்புறத் தசைகளில் பரவும். கண் முன்தள்ளி, அசைக்க முடியாமல் நிற்கும், காய்ச்சல் காணும். இந்நிலையில் பார்வையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பரவலைத் தடுக்கக் கண்ணையே அகற்ற நேரிடும். அகற்றாமல் தப்பினாலும் கண் சுருங்கிப்போவதுண்டு.

இப்படிகளைக் கடக்கும் வேகம் கிருமிக்குக் கிருமி வேறுபடும். தோலில் வாழும் ஸ்டபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் மெல்லச் செல்லும். சில நாள் அவகாசம் தரும். தக்க சிகிச்சையில் பலருக்கு நல்ல பார்வை திரும்புகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் விரைந்து அழிப்பவை. எல்லாவற்றினும் கொடியது மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ். மண் படிந்த இரும்புத் துணுக்கோடு அது உள்ளே சென்றால் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் கண் முழுவதும் பாழாகிவிடக்கூடும். எந்தக் கிருமி புகுந்தது என்று வீட்டில் இருந்தவாறே அறிய முடியாது. ஆதலால் மிகக் கொடியதே புகுந்தது என்று கொண்டு உடனே புறப்படுவதுதான் அறிவுடைமை.

5. சிகிச்சை முறை

வாய்வழி மருந்தில் சிறு பகுதியே தடுப்பைக் கடக்கும் என்று கண்டோம். ஆகவே டாக்டர்கள் கண்ணை மரக்கச் செய்து, மெல்லிய ஊசியால் நேரே விட்ரியஸுக்குள் மருந்தைச் செலுத்துகின்றனர். அதற்கு முன் உள்ளிருக்கும் திரவத்தில் சிறிது எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவர். வழக்கமாகச் செலுத்துவன வேன்கோமைசின் 1 மில்லிகிராமும், செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராமும் ஆகும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குத் திரவத்தில் அடங்கும். கண்ணுக்குள் ஊசி என்றவுடன் பலர் அஞ்சி வீடு திரும்பிவிடுகின்றனர். பார்வையைக் காக்கும் வழி அதுவே என்பதை அவர்களுக்குச் சுற்றத்தார் எடுத்துச் சொல்லவேண்டும். தேவைப்பட்டால் சீழ் கலந்த விட்ரியஸை அறுவை செய்து அகற்றுவர்.

அமெரிக்காவில், கண்புரை முதலிய லென்ஸ் அறுவைக்குப் பின் இந்நோய் கண்ட 420 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1995-ல் வெளியாயிற்று. வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு உடனடி அறுவை பெரிதும் உதவியது. கையசைவாவது தெரியும் நிலையில் வந்தவர்களுக்கு ஊசி மருந்தே அறுவைக்கு நிகரான பலன் தந்தது. முன்னதாக வந்தவருக்குச் சிறு சிகிச்சை போதும் என்பதே இதன் பொருள்.

அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் காட்டிற்று. நோயாளிகளுள் நூற்றுக்கு 94 பேர் பார்வை மங்கியதாகக் கூறினர். ஆனால் வலி இருந்தது 74 பேருக்கே. அதாவது நால்வரில் ஒருவருக்கு வலியே இல்லை. "வலியில்லை, ஆதலால் ஆபத்தில்லை" என்று இருத்தல் தவறு. பார்வை மங்குவதே முதல் எச்சரிக்கை.

6. கண்புரை அறுவைக்கு அஞ்சலாமா?

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெரியவர்கள் கண்புரை அறுவையைத் தள்ளிப் போடலாகாது. 2008-ம் ஆண்டு ஜூலையில் விழுப்புரம் மாவட்டத்து ஏழை மக்களுக்காக நடந்த ஒரு முகாமில் அறுவை செய்துகொண்டவர்களுள் 60-க்கும் மேற்பட்டோர் பார்வையிழந்தது உண்மையே. அத்தகைய துயரம் மீண்டும் நேராதிருக்கத் தூய்மையின் விதிகள் வழுவாமல் காக்கப்படவேண்டும்.

மறுபுறம், அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளின் கணக்கு 2017-ல் வெளியாயிற்று. அறுவை முடிவில் மாக்ஸிஃபிளாக்ஸசின் என்னும் மருந்தைக் கண்ணுக்குள் சிறிதளவு செலுத்தாதபோது 10,000 பேரில் 7 பேருக்கும், செலுத்தியபோது 2 பேருக்குமே இந்நோய் கண்டது. எனவே அறுவைக்கு அஞ்சவேண்டாம். அறுவைக்குப் பிந்திய நாட்களில், சிறப்பாக முதல் இரு வாரங்களில், விழிப்பாயிருக்கவேண்டும். அந்நாட்களில் பார்வை குறைந்தாலும், சிவப்பு கூடினாலும், குறித்த தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும்.

7. காயம் பட்டவுடன் செய்யத்தக்கவை

தூசியோ தோகையோ மேலே உரசியிருந்தால், கண்ணைக் கசக்காமல் தூய நீரால் கழுவி, அன்றே சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும். நேபாளத்தில் பக்தபூர் வட்டாரத்தில் கார்னியாவில் கீறல் பட்ட 442 பேருக்குக் கிராமத் தொண்டர்கள் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை மூன்று நாள் இட்டனர். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. பின்னர் நம் மதுரை மாவட்டத்துக் கிராமங்களிலும் காளானுக்குரிய மருந்தையும் சேர்த்து இவ்வாறு செய்ததில், 374 பேரில் 368 பேருக்குக் கீறல் எவ்விதத் தொல்லையுமின்றி ஆறியது. இரண்டிடத்திலும் பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. விரைவும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதுமானதாயிற்று.

கண் துளைபட்டிருந்தால் முறை வேறு. இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறித்த துணுக்கு, வெதுவெதுப்பான நீர் வழிதல், கண்மணி வட்டம் கோணலாதல், பார்வை திடீரென்று குறைதல் ஆகியவை துளைபட்டதன் அடையாளங்கள். அப்போது கண்ணைக் கழுவலாகாது, அழுத்தலாகாது, களிம்பு இடலாகாது, தைத்திருக்கும் பொருளைப் பிடுங்கலாகாது. காகிதக் குவளை ஒன்றைக் கண்ணைத் தொடாதவாறு மேலே கவிழ்த்து ஒட்டி, நேரே கண் டாக்டரிடம் செல்லவேண்டும். உடனே அறுவை தேவைப்படலாமாதலால் வழியில் உண்பதும் பருகுவதும் வேண்டா.

எந்நிலையிலும் செய்யக்கூடாதவை சில உண்டு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, பூச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுதல் ஆகாது. கண்ணில் விழுந்த துகளை நாக்கால் எடுக்கும் வழக்கமும் ஒழியவேண்டும். நம் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை நாமே காயத்தில் வைப்பது போன்றது அது. அன்பினால் செய்யும் உதவிதான்; எனினும் கண் போவது அன்பை அறிந்து நிற்பதில்லை.

8. சங்கம் செய்யத்தக்கது

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மணி நேரப் பயணமே. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அரவிந்த், சங்கரா முதலிய கண் மருத்துவமனைகளும் இருக்கின்றன. எனவே நமக்குத் தூரம் பகையன்று. "வாழைத்தார் ஏலம் முடியட்டும்", "இந்தப் பாவு முடியட்டும்", "கையில் பணம் சேரட்டும்" என்னும் தாமதமே பகை.

இத்தாமதங்களுள் கடைசியானதைச் சங்கம் நீக்கலாம். அவசரக் கண் சிகிச்சைக்குச் செல்வோருக்கு வழிச்செலவாக ஒரு சிறு தொகையை, விண்ணப்பமும் கூட்டமும் இன்றி அன்றே கொடுக்க நிர்வாகக் குழு தீர்மானம் செய்யலாம். விசைத்தறி ஓட்டுவோருக்கும், பட்டறையில் வேலை செய்வோருக்கும், சோளமும் கரும்பும் அறுப்போருக்கும் காப்புக் கண்ணாடியை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்கலாம். கண்ணாடி ஒன்றின் விலையையும் கண் ஒன்றின் விலையையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால், இதைவிட ஆதாயமான கொள்முதல் வேறில்லை என்பது விளங்கும். உடன் வேலை செய்பவர் வேலையை அவருக்காகச் செய்து முடித்துக் கொடுப்பதும் கூட்டுறவே. அவருடைய தறியை நாம் பார்த்துக்கொண்டால், அவர் மன அமைதியோடு மருத்துவமனைக்குச் செல்வார்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. கண்ணின் உள்ளறையில் கிருமி தடையின்றிப் பெருகுவதற்குக் காரணம் யாது?
2. கிருமி மடிந்த பின்னும் விழித்திரை அழிவது எங்ஙனம்?
3. மேலே பட்ட கீறலுக்கும் துளைபட்ட காயத்துக்கும் செய்யும் முதலுதவியில் உள்ள வேறுபாடுகள் யாவை?
4. வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் செல்லவேண்டும் என்பது ஏன்?
5. நம் சங்க அங்கத்தினர் ஒருவருக்கு இன்றிரவு கண்ணில் இரும்புத் துணுக்குத் தெறித்தால், அவரை அழைத்துச் செல்லும் வண்டி யாருடையது? உடன் செல்பவர் யார்? இவ்வினாவுக்கு வட்டம் கலைவதற்கு முன்பே பெயர்களை எழுதி, சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டவும்.